கீரி தேடிப் போன கரையில் கிளாத்தி

என் அக்காவுக்கு, எங்கள் பேச்சில் ராத்தாவுக்கு, புற்றுநோய் வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சோறு இறங்கவில்லை. என்ன கொண்டுவரட்டும் என்று தொலைபேசியில் கேட்டேன். "ஒண்டும் வேணா தம்பி. கீரி மீன் பாலாணம் எண்டா ரெண்டு வாய் தின்னலாம் போல இரிக்கி" என்றார். பாலாணம் என்பது தேங்காய்ப்பாலில் காய்ச்சும் குழம்பு. ஏப்ரல் கடைசியில் நான் எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்குப் புறப்பட்டதற்கு அதுதான் காரணம்.

கண்டியிலிருந்து மகியங்கனை, அம்பாறை வழியாகக் கல்முனைக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஆறரை மணித்தியாலம். மகியங்கனை மலைப்பாதையின் பதினெட்டு வளைவில் தலை சுற்றுபவர்கள் முன் இருக்கையில் இடம் பிடியுங்கள். கல்முனையிலிருந்து எங்கள் வீடு மூன்று கிலோமீற்றர். ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன்.

சின்ன வயதில் இந்த மாதங்களில் கீரிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. விரல் நீள மீன், வெள்ளிக்காசு போல மினுங்கும். சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போகும் வாப்பா, சைக்கிளில் மீன் போட்ட ஓலை உமல் தொங்கத் திரும்புவார். ராத்தா கத்தி எடுக்கமாட்டார், பெருவிரலாலேயே ஆய்ந்துவிடுவார். நான் முள்ளோடு மென்று விழுங்குவேன். பாலாணம் கொதிக்கும் வாசம் தெரு முனைவரை வரும்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு கரைக்குப் போனேன். கரைவலையின் இரண்டு கயிற்றையும் ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு படித்த ஜௌஃபர் அதில் ஒருவன். வலை கனத்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. நானும் கயிற்றைப் பிடித்தேன். காலில் அலை பட்டபோது திடுக்கிட்டேன். முன்பெல்லாம் விடியற்காலையில் சிலிர்க்கவைத்த தண்ணீர், இப்போது குளிக்கச் சூடாக்கி வைத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

வலையின் மடி மணலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே கருநீல உடம்பும் சிவந்த பல்லுமாகக் கிளாத்தி மீன் துள்ளியது. கீரி ஒன்றுகூட இல்லை.

"மறுகா கிளாத்தி!" என்று ஜௌஃபர் மணலில் குந்தினான். "முந்தி இது முருகைக்கல் பார்ப்பக்கம் ஒண்டு ரெண்டு அம்பிடும். இப்ப கடல் சூடேறினா கூட்டமா கரைக்கு வருது. நாம சுழியோடின பாரும் வெள்ளையாப் போய்க் கெடக்கு மச்சான். மஞ்சள் கோடு போட்ட மீனெல்லாம் திரியுமே, ஒண்டயும் காணல்ல."

பக்கத்தில் நின்ற இன்னொருவர் ஒப்பவில்லை. "சூடு மட்டுமா? சின்னக் கண் வலையால குஞ்சையும் அள்ளினா கீரி எங்கால வரும்?"

ஜௌஃபர் கொஞ்சம் யோசித்து, "அதும் ஓம்தான்" என்றான்.

கல்முனைச் சந்தைக்கும் போனேன். வேறு கரையிலிருந்து ஐஸில் வந்த கீரி இருந்தது. கண் குழிந்து, வயிறு வெடித்திருந்தது. நோயாளிக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. ஜௌஃபர் தந்த கிளாத்தியோடு வீட்டுக்கு நடந்தேன். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று வழியெல்லாம் யோசனை.

ராத்தா பைக்குள் எட்டிப் பார்த்தார். "இதென்னடா, மாட்டுத்தோல் போல இரிக்கி?"

"கடல்ல இதுதான் இரிக்கி ராத்தா."

அதன் முதுகை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிலை விட்டு இறங்கி, "குறட்ட எடு" என்றார். நான் வந்ததிலிருந்து அவர் அடுப்படிக்குப் போகவில்லை. குறட்டால் தோலை இழுக்க இழுக்க அவருக்குச் சிரிப்பு வந்தது. "வாப்பா கண்டா வீசி எறிஞ்சிரிப்பார்." மாங்காய் போட்டுப் பாலாணம் காய்ச்சினார். ஒரு வாய் வைத்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீரி இல்ல" என்றார். பிறகு, "ஆனா இறங்குது."

பாதிப் பீங்கான் சோறு சாப்பிட்டார். எனக்கு மட்டும் அந்தப் பழைய வாசத்தின் ஏக்கம் தீரவில்லை. கண்டியில் வளரும் என் மகளுக்கு அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், பெரும்பாலும் வலை இழுக்கமாட்டார்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். ஒரே மீனை மனதில் வைத்துப் போகாதீர்கள். கிளாத்தி வாங்கினால் கரையிலேயே உரித்துத் தரச் சொல்லுங்கள், வீட்டில் உரித்தால் கை கிழியும்.

திரும்பும் நாள் ராத்தா என் தோளைப் பிடித்தபடி சந்தி வரை நடந்து வந்தார். "அடுத்த முறை வரக்குள்ள என்ன மீன் இரிக்குமோ" என்றேன்.

"வாறத ஆக்குவம்" என்றார். "நீ வா."