பூஜ்யத்துக்கு நேரே பச்சை மை

1983-ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துத் தோட்டங்கள் அத்தனையும் என் கையெழுத்தில்தான் விடிந்தன. சரி, அத்தனையும் இல்லை, எங்கள் கம்பெனிக்குச் சொந்தமான பத்தொன்பது. விடிந்தன என்பதும் கொஞ்சம் கூடுதல்தான். ஈப்போ தலைமை அலுவலகத்தில், கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு மேசை, ஒரு பச்சை மைப் பேனா, பேரன் எடுத்த பிறகும் வேலையை விடாத நான். அவ்வளவுதான் என் ராஜ்யம்.

எழுத வந்தது கருப்பம்மாளைப் பற்றி. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் 1936இல் பிறந்தவள். பத்து வயதில் அம்மாவுக்கு ரப்பர்ப் பால் வாளி தூக்கினாள். பதினான்கில் தனி நிரை எடுத்து மரம் சீவினாள். புருஷன் பாம்பு கடித்துச் செத்த மூன்றாம் நாள் வேலைக்காட்டில் நின்றாள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது, கத்தியை வைத்துவிட்டு உதிரிப்பழம் பொறுக்கப் போனாள். இத்தனைக்கும் அவளிடம் இருந்தது சிவப்பு ஐ.சி. இந்த நாட்டுக் குடிமகள் அல்ல என்று சொல்லும் அட்டை அது. நீல ஐ.சி. கேட்டு மனுப் போட்டிருந்தாள். ஆகஸ்டு ஒன்பதாம் தேதி நேர்காணல். தோட்டத்தில்தான் பிறந்தாள் என்று கம்பெனி கடிதம் தர வேண்டும். நீல அட்டை இல்லாதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று புது மானேஜர் சொல்லிவிட்டார்.

அந்தக் கடிதத்துக்கான வழி என் மேசையைத் தாண்டித்தான் போனது. பழைய பிறப்புப் பேரேடுகளையெல்லாம் தட்டச்சுப் பெண்கள் கம்ப்யூட்டர் நாடாக்களில் ஏற்றியிருந்தார்கள். யாருடைய பெயர் எந்தப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வோர் இரவும் கம்ப்யூட்டர் தானாகவே அட்டவணை போடும். எந்தத் தோட்டத்து வேலை எத்தனை மணிக்கு ஓடியது, முடிந்ததா, எத்தனை பெயர் ஏறியது என்று காலையில் ஒரு தாளையும் அடித்து வைத்திருக்கும். அதைச் சரிபார்த்து டிக் போடுவதுதான் என் வேலை.

என் அப்பா தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பேர் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆள் வந்து நின்றால் செக்ரோல் ஏட்டில் பேர் விழும். யார் எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பது பிற்பாடு ஸ்டோரில் வேறொருவர் நிறுத்துப் பார்க்கும் சமாச்சாரம். அதே பழக்கத்தில்தான் நான் அந்தத் தாளையும் பார்த்தேன். பத்தொன்பது வரியிலும் ‘முடிந்தது’ என்றிருந்தால் பத்தொன்பது பச்சை டிக். கடைசிப் பத்தியில் எத்தனை பெயர் ஏறியது என்ற எண் இருந்தது. அதை நிறுத்துப் பார்க்க வேறு யாரோ இருப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் இல்லை.

ஜூன் மாதம் இரண்டு பஸ் மாறி வந்தாள் கருப்பம்மாள். அட்டவணையைப் புரட்டி, பெயர் இல்லை என்றேன். ஜூலையில் மறுபடி வந்தாள். மெஷின் பொய் சொல்லாது என்று, நானே அதைப் பெற்று வளர்த்ததுபோல விளக்கி அனுப்பினேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்டு ஐந்தாம் தேதி வந்தவள் தன் பெயரைக் கேட்கவில்லை.

“மாயாண்டி மண்டோரு பேரு இருக்கா பாருங்க, கிராணியம்மா.” அதே தோட்டத்தில் பிறந்த பழைய கங்காணி அவர்.

இல்லை.

“அவரு தங்கச்சி நவமணி?”

அதுவும் இல்லை.

“நானூறு பேரு இருந்த தோட்டம் லா. ஒருத்தருகூடவா பொறக்கல?”

அவளை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்ட ஸ்டானிஸ்லாஸ் பழைய தாள்களைப் பெட்டியோடு கொண்டுவந்து தரையில் பரப்பினான். மே மாதத்திலிருந்து அந்தத் தோட்டத்துக்கு நேரே தினமும் ‘முடிந்தது’, தினமும் பூஜ்யம். வெற்று நாடா ஒன்றில் அந்தத் தோட்டத்தின் பெயரை ஒட்டி மாட்டியிருக்கிறார்கள். மெஷின் இல்லாததைத் தேடி, ஒன்றும் இல்லை என்று ஒழுங்காகச் சொல்லி முடித்திருக்கிறது.

“எல்லாத்துலயும் ஒங்க டிக் இருக்குக்கா,” என்றான் தணிந்த குரலில். நான் தாள்களை மடித்துப் பெட்டியில் போட்டேன்.

சரியான நாடாவைத் தேடி ஓட்டி, கமுந்திங் கிடங்கிலிருந்து பேரேட்டை வரவழைத்து, மானேஜர் கையெழுத்து வாங்கியபோது தேதி பதினொன்று. நேர்காணல் போயே போய்விட்டது. அடுத்த தேதி கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அவளுக்குத் தோட்டத்து வேலையும் லயத்து வீடும் போய்விட்டன. ஆயர் தாவாரில் ஒரு சீனன் காப்பிக்கடையில் கோப்பை, மங்கு கழுவினாள். நீல ஐ.சி. வந்தபோது அவளுக்குத் தோட்டமே இல்லை.

கையெழுத்தான அன்றே கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு அவள் லயத்து வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று, தப்பு என்னுடையது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

கண் ஆப்பரேஷனுக்காக ஈப்போ வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிற கருப்பம்மாளிடம், இது வரைக்கும் வாசித்துக் காட்டினேன். கட்டுப் போட்ட கண்ணோடு கடைசி வரை கேட்டாள்.

“வந்தது நெசந்தான், கிராணியம்மா. ஆனா மன்னிப்பு ஒன்னும் கேக்கல. மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க. அந்த டிக்கு ஒங்களோடதுன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன்.”