காந்தச் சுருளுக்கு அடியில் உட்கார்ந்து லா ஷப்பலைக் கண்டுபிடித்தேன்

வழி தவறுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. புதுச்சேரியை விட்டு லியோனுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. மருந்துக்கடையை விட்டு வெளியே வந்தால் இன்றும் வீட்டுக்கு எதிர்த்திசையில்தான் நடப்பேன். எங்கே போனாலும் என் கணவர் அந்துவான் முன்னால், நான் பின்னால். தான் படிக்கிற காலத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த ஈழத்துப் பெண் தர்ஷினி இப்போது பாரிஸில், மனிதர்கள் வழி கண்டுபிடிப்பது எப்படி என்று ஆராய்கிறாள். "அன்ரி, எங்கடை ஆய்வுக்கு ஆள் வேணும், வாறீங்களோ?" என்று கேட்டாள். அந்துவானுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வு. ஆக, போன மே மாதம், வாழ்க்கையில் முதல் முறையாகத் தனிப் பயணம்.

லியோனிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். இறங்கும் நிலையத்திலேயே ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயில் பிடித்தால் நேராக கார் து நோர் நிலையம். டிக்கெட் இரண்டரை யூரோ சொச்சம். நான் தொலைந்துவிடுவேன் என்ற பயத்தில் தர்ஷினி அங்கே பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் முதலில் கேள்விகள்: வலிப்பு உண்டா, தலையில் உலோகம் உண்டா? பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, எட்டு என்ற எண்ணின் வடிவில் இருந்த காந்தச் சுருள் ஒன்றைத் தலையின் பின்பக்கம் வைத்தார்கள். டக் டக் டக். யாரோ விரலால் சுண்டுவது போல இருந்தது, வலியில்லை. அடுத்து, திரையில் தெரியும் ஒரு கற்பனை ஊருக்குள் நடந்து ரொட்டிக்கடை, தேவாலயம், நீரூற்று எல்லாம் கண்டுபிடிக்க வேண்டும். நம்புங்கள், ஒன்றைக்கூட விடாமல் கண்டுபிடித்தேன்!

"காந்தம் வேலை செய்யுது!" என்று கத்தினேன்.

"இது திசை அறிவைக் கூட்டிற மெஷின் இல்லை, அன்ரி. மூளையின்ரை அந்தப் பகுதியைக் கொஞ்சம் சீண்டினா, வழி கண்டுபிடிக்கிறது மாறுதோ எண்டுதான் பாக்கிறம்."

யார் காதில் விழுந்தது? பாரிஸுக்கு வெளியே, அதே டி ரயில் போகும் கார்ஜில் இருக்கும் அவள் வீட்டுக்கு நானே போகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். கார் து நோருக்குப் பக்கத்தில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் முருங்கைக்காய்க் கட்டுகளையும் புடவைக் கடைகளையும் வேடிக்கை பார்த்து, ஏதோ ஒரு சந்தில் திரும்பி, மெட்ரோவின் இரும்புப் பாலத்துக்கு அடியில் போய் நின்றேன். கார் து நோரிலிருந்து நேரே வந்தால் இந்தப் பாலம்; அப்படியானால் நிலையம் எனக்குப் பின்பக்கம்! நானே யோசித்துச் சொன்ன முதல் திசை அது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கினேன்.

"எங்கை போறீங்கள், அக்கா?" என்றார் கடைக்காரர்.

"கார்ஜுக்கு. வழி மட்டும் சொல்லிடாதீங்க!"

"சரி, நான் வாயே திறக்கேல்லை" என்று சிரித்தார்.

கார் து நோரில் ரயிலேறி, கார்ஜ் போய்க் கதவைத் திறந்ததும் அந்துவானுக்குப் போன் போட்டேன். "தனியாவே வந்து சேர்ந்துட்டேன்!"

அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்த ஊருக்கு?"

மறுநாள் இரண்டாவது அமர்வு. முடிந்ததும் தர்ஷினி ரகசியத்தை உடைத்தாள். இரண்டு நாளில் ஒன்று போலி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

"முதல் நாள் வைச்சது சும்மா, அன்ரி. சத்தமும் தட்டலும் மட்டுந்தான்."

என் முகம் தொங்கிப்போனது. "அப்போ கார்ஜுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"நீங்கள்தான்."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாளும் ஏறக்குறைய அப்படியேதான் செய்திருந்தேனாம். ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பலரைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். எனக்கு என்னைப் பற்றித் தெரிந்ததே போதும்.

இப்படி ஓர் ஆய்வில் சேர நினைப்பவர்கள் உடல்நலக் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். கொண்டை ஊசியைக் கழற்றிவிடுங்கள். லா ஷப்பலுக்குப் பசியோடு போங்கள், போனைப் பைக்குள் வையுங்கள்.

திரும்பும் நாள், கார் து நோர் வாசலில் ஒரு தமிழ்த் தம்பதி என்னிடம் லா ஷப்பலுக்கு வழி கேட்டார்கள். என்னிடம்! "இடப்பக்கம் திரும்புங்க, மறுபடி இடப்பக்கம், அப்புறம் நேரா. தலைக்கு மேலே மெட்ரோ பாலம் வந்தா அதுதான்" என்றேன். அவர்கள் சரியாகத் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.