தலையில்லாத ஆந்தைகள்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால், குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கும் சீசன்தான். அருவிக்கு வரும் சொந்தக்காரர்கள் ஹாலை நிறைத்துவிடுவார்கள். கதவைச் சாத்தி உட்கார எனக்குக் கிடைத்தது மாமியார் தொழுகிற பின்னறை மட்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் போனில் சிபாரிசு செய்ததால், வாரம் இரண்டு நாள் மாமி அதை விட்டுத் தந்தார். அங்கே உட்கார்ந்து பறவையும் மிருகமுமாகப் படம் வரைந்தே எழுதும் பழைய எகிப்திய எழுத்தை ஆன்லைனில் படித்தேன். தேர்வில் தேறினால்தான் அடுத்த வகுப்பில் அவர்கள் எழுதிவைத்த கதைகளை வாசிக்க முடியும். அடுப்படிக்கும் மாடிக் கொடிக்கும் நடந்துகொண்டிருந்த எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒருநாள் மாமி நோட்டைப் பார்த்துவிட்டார். பக்கம் முழுக்க ஆந்தை, கழுகு, காடைக்குஞ்சு. அவர் கோபப்படவில்லை, பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

“உசுருள்ளதோட படம் இங்கன இருந்தா நான் எப்படிட்டி தொழுவேன்? தலை இல்லன்னா உசுருன்னு கணக்கில்ல. தலைய மட்டும் விட்டுட்டு வரஞ்சுக்கோ.”

அவரைப் பொறுத்தவரை அது பெரிய சலுகை. மறுத்தால் அறை போய்விடும். சரி மாமி என்றேன். அந்தப் பறவைகளுக்கெல்லாம் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான். முகத்தை வைத்துத்தான் எழுத்தைப் படிக்க வேண்டும். எது எது என்று மனதில் இருக்கும், சமாளித்துவிடலாம் என்று திமிராக நினைத்தேன். போகப்போகக் கை தானாகவே தலையை விட்டுவிட்டு எழுதியது.

தேர்வன்று, சொந்த நோட்டிலிருந்து பழைய பக்கம் ஒன்றை வாசிக்க வேண்டும் என்றார் வெளிநாட்டு ஆசிரியை. கேமராவில் காட்டியதும் அவருக்கு ஒரே சந்தோஷம். கல்லறைக்குள் எழுதும்போது, அவை உயிர்பெற்று எழுந்து இறந்தவருக்குத் தொல்லை தராதபடி பறவைகளைப் பாதியாகவே எழுதுவது அங்கே ஒரு வழக்கமாம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

“வீட்டில்” என்றேன்.

பிறகு வாசிக்கச் சொன்னார். முதல் பறவையிலேயே நின்றுவிட்டேன். ஆந்தையா, கழுகா, ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வரியும் அப்படித்தான். அடுத்த வருடம் மறுபடி எழுதலாம் என்று அவர் தன்மையாகச் சொன்னார். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. மாமி ஒரு தலையையும் வெட்டவில்லை. அத்தனையும் என் கை செய்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று மாமி கதவைத் தட்டினார். நோட்டை மறைக்க வேண்டியிருக்கவில்லை. விரித்தபடியே வைத்துவிட்டு எழுந்தேன்.