சக்கர நட்டில் போட்ட சிவப்புக் கோடு

என் கல்யாணத்தில் என் உடம்பைப் பார்த்து உதட்டைச் சுழித்தவர்கள், அடுத்த வருஷமே அதே உடம்பை வேலைக்குக் கூப்பிட்டார்கள். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கரிசல் தோட்டமும் வாய்க்கால் பாயும் வயலுமாக இருந்த வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாகப் போனேன். எழுபதுகளின் நடுவில் என் மாமனார் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். அதை யார் ஓட்டுவது என்று அண்ணன் தம்பி இருவருக்கும் போட்டி. அதன் சக்கரத்தை இறுக்க மட்டும் ஆளே கிடைக்கவில்லை.

ரோட்டில் போக ரப்பர் சக்கரம், சேற்றில் உழ இரும்புக் கூண்டுச் சக்கரம். ஒவ்வொரு போகத்துக்கும் பெரிய சக்கரம் இரண்டையும் கழற்றி மாட்ட வேண்டும். அந்த நட்டுகள் ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிது. ஸ்பானரைக் கையால் எவ்வளவு திருகினாலும் போதாது. அதன் பிடியில் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாயைச் சொருகி, அதன் நுனியில் ஒருவர் ஏறி நிற்க வேண்டும். இன்னொருவர் ஸ்பானர் வழுக்காமல் நட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பார். என் கணவர் ஒல்லி. அவர் ஏறினால் குழாய் அவரை ஊஞ்சல் ஆட்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, இறங்குங்க, நான் ஏறறேன்" என்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிராக்டரின் மட்கார்டைப் பிடித்து ஏறி நின்றேன். குழாய் மெல்லக் கீழே போயிற்று. நட்டு ஒரு முறை கிரீச்சென்று முனகிவிட்டு அசையாமல் நின்றது.

அன்றிலிருந்து அது என் வேலை. "சின்னவ ஏறுனா அப்பறம் ஒரு நூல் அசையாது" என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்லக் கூச்சப்படவில்லை. அந்த வீட்டில் என் சமையலை யாரும் புகழ்ந்ததில்லை. புகழும்படி அது இருந்ததும் இல்லை. குழாயின் மேல் நிற்கும்போது மட்டும் நான் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டவள்.

மாமனார் ஒரு சட்டம் வைத்திருந்தார். இறுக்கி முடித்ததும் அவருடைய வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பைத் தொட்டு, நட்டிலிருந்து சக்கரத்து இரும்பு வரை சேர்த்து ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். "குழாய் மேல ஆரு ஏறுனாங்களோ அவீகதான் கோடு போடோணும். கோடு போட்டவீகதான் பொறுப்பு." இதை அவர் கோயில் கட்டுப்பாடு மாதிரி சொல்வார். கோடு போடுவது நான்தான்.

ஒரு வருஷம் வாய்க்காலில் எங்கள் முறை வருவதற்கு முன்பே கூண்டுச் சக்கரங்களை மாட்டினோம். அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தவளை என் கணவர் கூப்பிட்டார். கையை ஒப்புக்குத் துடைத்துக்கொண்டு ஓடினேன். எல்லா நட்டையும் இறுக்கியதும் அவர் வாய்க்காலுக்குக் குளிக்கப் போய்விட்டார். நான் சுண்ணாம்பைத் தொட்டுக் கோடு இழுத்தேன். விரலில் இருந்த மஞ்சளோடு சேர்ந்து சுண்ணாம்பு சிவந்துவிட்டது. நட்டுக்கு நட்டு சிவப்புக் கோடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார்.

"இதென்ன அம்மணி, டிராக்டருக்குக் குங்குமம் வெச்சுட்டியா?"

"அதுவும் இந்த ஊட்டு மருமகதானுங்களே மாமா" என்றேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காதுகுத்து. மடைக்குக் காவல் வேண்டும் என்று என் கணவர் மட்டும் வீட்டில் இருந்துகொண்டார். நாங்கள் எல்லாரும் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய வந்து சேர்ந்தோம். அதற்கடுத்த நாள் காலை எங்கள் முறைத் தண்ணீர் வந்தது. மூத்தவர், அதாவது என் கணவரின் அண்ணன், டிராக்டரை வயலில் இறக்கினார். இரண்டாவது சுற்றிலேயே ஒரு பக்கத்துக் கூண்டுச் சக்கரம் ஆடி, கழன்று, வண்டி சாய்ந்தது. அவர் வரப்பில் விழுந்து தோளெலும்பு முறிந்தது. சித்தூர் ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் வயலுக்கு ஓடியபோது மாமனார் சேற்றில் குனிந்து நட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். மறுபக்கச் சக்கரத்தில் கழன்று விழாமல் ஒட்டிக்கொண்டிருந்த நட்டுகளைப் பார்த்தேன். கோடு இருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

யாரோ சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டியிருக்கிறார்கள். என் இடத்தில் யாரும் ஏறி நிற்கவில்லை, ஆனால் என் கோட்டை மட்டும் போட்டிருக்கிறார்கள். நேற்று வீட்டில் இருந்தவர் ஒருவர்தான். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் எல்லாரும் கூடினார்கள். மூத்தவரின் மனைவி அழுதுகொண்டே கேட்டாள். "பொம்பள ஏறி நின்னு இறுக்கறது விளையாட்டுங்களா? என்ற ஊட்டுக்காரரு உசுரு போயிருந்தா ஆரு பதில் சொல்றது?" அவள் கேட்டதில் தப்பில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் கணவர் வாய் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார். "உடுங்க அண்ணி. அவ வேணும்னா பண்ணுனா? ஏதோ சரியா மிதிக்காம உட்டுட்டா. நானும் கவனிக்கல." எனக்காகப் பரிந்து பேசுகிற குரலில் சொன்னார். சுற்றியிருந்தவர்கள், எவ்வளவு நல்ல மனுஷன் என்பதுபோல் தலையாட்டினார்கள். அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எனக்கு வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலேயே பேர் உண்டு. எழுந்து நின்றேன். "அந்தக் கோடு நான் போட்டதில்லீங்க. நான் போட்டது செகப்புக் கோடு. மஞ்சக் கையோட போட்டேன். மாமா பாத்தாருங்க. குங்குமம் வெச்சியான்னு சிரிச்சாருங்க. கேளுங்க."

எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். என் கணவர் முகம் செத்துப்போயிற்று. மாமனார் கையில் ஒரு நட்டு இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய மகன் கட்டுப்போட்டுக் கிடக்கிறான், சின்ன மகன் எதிரில் நிற்கிறான். எனக்குப் பயமே இல்லை. அவர் பொய் பேசி நான் பார்த்ததில்லை.

"எனக்கு நெனப்பில்ல அம்மணி" என்றார். நட்டைத் துண்டில் முடிந்துகொண்டார். "இனிமே சின்னவ குழாய் மேல ஏற வேண்டாம்."

அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. என் கணவரை மாட்டுச் சாளைக்கு அப்பால் மடக்கிக் கேட்டேன். கூட்டாளி ஒருவரின் கிணற்று வேலைக்குக் கல் இழுத்துக் கொடுக்க ரப்பர் சக்கரம் மாட்டினாராம். திரும்பக் கூண்டை மாட்டியபோது இறுக்க நேரம் போதவில்லையாம். பழைய கோட்டை அவசரத்தில் நிறம்கூடப் பார்க்காமல் துடைத்துவிட்டுப் புதுசு இழுத்தாராம். அப்பாவுக்குத் தெரிந்தால் இனி வண்டியைத் தொட விடமாட்டாராம். "அண்ணனும் அப்பாவும் ஒண்ணு சேந்துட்டா நம்ம கதி என்ன? நம்ம நல்லதுக்குத்தான்" என்றார். கட்டினவர் பயந்தாங்கொள்ளி என்பது புரிந்தது. அதையாவது ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டேன். மாமனாருக்கு ஒருவேளை உண்மையிலேயே மறந்திருக்கும் என்று மட்டும் பிடிவாதமாக நம்பினேன். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு போட்டேன்.

அடுத்த போகத்துக்குக் கூலியாட்கள் இரண்டு பேர் வந்து இறுக்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபிறகு மாமனார் நட்டு நட்டாகத் தட்டிப் பார்த்தார். முகம் சரியில்லை. வாசலில் வேறு யாரும் இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு சமையலறைப் பக்கம் வந்தார்.

"அம்மணி, ஒருக்கா வந்து ஏறி நில்லு. அவனுக இறுக்குனது எனக்கு மனசுக்குப் பிடிக்கல." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "கோட்டை நான் போட்டுக்கறேன்."

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கிற்று. நான் சரியாக மிதிக்கவில்லை என்று அவர் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. நினைத்திருந்தால் மூத்த மகன் உட்காரப்போகிற வண்டிக்கு என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார். அந்தச் சிவப்புக் கோடு அவருக்கு அன்றும் நினைவிருந்தது, இன்றும் நினைவிருந்தது.

அம்மியில் மஞ்சள் பாதியில் கிடந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"குழாய் மேல ஏறறவீகதான் கோடு போடோணுமுங்க மாமா" என்றேன். "கோடு உங்களுதுன்னா, நீங்களே ஏறிக்குங்க."