புஸ்ஸென்று ஒரு மல்லிகை வாசம்

நேற்று சிதம்பரம் கீழவீதியில் ஒரு துணிக்கடை. கல்லாவில் இருந்தவர் ரூம் ஸ்ப்ரேயை எடுத்துப் புஸ்ஸென்று அடித்தார். மல்லிகை வாசம். யாரோ திட்ட வருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வயதாகியும் பாருங்கள்!

கடலூரில் ஒரு பி.ஆர். ஏஜென்சியில் வேலை பார்த்தேன். பேர்தான் பெரிசு, மெடிக்கல் ஷாப் மாடியில் ஒன்றரை அறை, நாங்கள் மூன்று பேர், ஒரு முதலாளி. நகைக்கடை, காலேஜ் என்று யாருக்குக் கெட்ட பேர் வந்தாலும் துடைத்து, பத்திரிகைக்கு அழகாக எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. முதலாளி வெளியாட்களிடம் தேனாகப் பேசுவார். எங்களில் யாரையாவது கிழிக்கப் போகிறார் என்றால் மட்டும் முதலில் தன் அறையில் ஸ்ப்ரே அடிப்பார். ஏனென்று இன்றுவரை தெரியாது. அந்தப் புஸ் கேட்டதும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்று யாரோ என்று மூச்சை அடக்கிக் காத்திருப்போம்.

லால்பேட்டை நஸ்ரின்தான் எங்களில் நன்றாக எழுதுவாள். மாசமானபோது எங்கள் இருவரிடம் மட்டும் சொன்னாள். "சார்கிட்ட சொல்லிராதீங்கக்கா, வேலய வுட்டுத் தூக்கிருவாரு." முன்பு ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. ஆனால் அந்த மல்லிகை வாசம் பட்டாலே அவளுக்குக் குமட்டும். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். முதலாளி ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்.

கூட வேலை பார்த்த கீரப்பாளையம் செந்தில் பொறுக்கமாட்டாமல் ஸ்ப்ரே டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டான். "இனிமே நிம்மதியா இரு நஸ்ரினு." நானும் மெச்சிக்கொண்டேன். புஸ் போனால் எச்சரிக்கையும் போகும் என்பது எங்கள் மரமண்டைகளில் உறைக்கவில்லை.

அன்று மத்தியானமே நஸ்ரின் ஃபோனில், "இங்க இன்னும் சொல்லலம்மா, வயிறு தெரியுற வரைக்கும் ஓட்டிருவேன்" என்று சொல்லி நிமிர்ந்தால், பின்னால் முதலாளி. சத்தமே இல்லாமல் வந்திருந்தார்.

கத்தவில்லை. சிரித்தார். "நல்ல விஷயமாச்சே! நாளையிலேர்ந்து ரெஸ்ட் எடும்மா." என் பக்கம் திரும்பினார். "குடும்பக் காரணத்துக்காக வெலகுறாங்கன்னு கிளையண்ட் வாட்ஸப் குரூப்ல போடுங்க. அழகா எழுதுங்க."

"என்னால முடியாது சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"குடுங்கக்கா, ஒங்களுக்கு வராது" என்று என் ஃபோனை வாங்கி நஸ்ரினே தட்டினாள். ஒரு பிழை இல்லை.

நானும் சீக்கிரமே வெளியேறினேன். அந்த மாடியில் இப்போது செல்ஃபோன் சர்வீஸ் கடை. செந்தில் சென்னையில். நஸ்ரினுக்கு இரண்டு பிள்ளைகள், நன்றாகத்தான் இருக்கிறாள். அதற்கப்புறம் அவள் எதுவும் எழுதவில்லை.