இடப்பக்கம் இழுத்த வண்டி

மருதமுனை முகைதீன்பாவா இருபத்தாறு ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளில் மீன் விற்றவர். அதிகாலையில் கடற்கரையில் மீன் வாங்கி, பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, நற்பிட்டிமுனை வரை வீடு வீடாகக் கொண்டுபோவார். எந்தத் தோணிக்காரரின் சொல்லையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. ஒவ்வொரு மீனின் செவுளையும் தாமே விரித்துப் பார்ப்பார். எடைக்குத் தம்முடைய தராசையே கொண்டுபோவார். பெற்றோல் நிரப்பும் இடத்தில் எண் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வண்டியை விட்டு இறங்கிவிடுவார். கால் முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படம் தம்முடையதுதானா என்று தாதியிடம் இரண்டு முறை கேட்டார் என்பதும் ஊரறிந்த செய்தி.

கால் முறிந்தது சென்ற மாரியில். நற்பிட்டிமுனை வயல் வீதியில் சேற்றில் வழுக்கி, வண்டியும் மீன்பெட்டியும் இடது கணுக்காலின் மேல் விழுந்தன. எலும்பில் தகடு வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் வண்டியை நிறுத்தும்போது அதன் பாரத்தை அந்தக் காலால் தாங்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். முகைதீன்பாவா நம்பவில்லை. பெட்டியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டு, முதல் வாடிக்கையாளரின் படலையடியில் நிறுத்தினார். வண்டியோடு சரிந்தார். சூடை மீன் வீதியெங்கும் சிதறியது.

மூன்று சக்கரம் என்ற யோசனையைச் சொன்னவர் மனைவியின் தம்பி பாயிஸ். பழைய வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி, அகன்ற அச்சில் இரண்டு சக்கரங்களைப் பொருத்தினால் நிற்கும்போது கால் ஊன்றத் தேவையில்லை. கல்முனையில் அபுல் ஹஸன் என்ற வெல்டிங்காரர் அத்தகைய வேலையில் பேர்பெற்றவர். முகைதீன்பாவா இசைந்தார். எனினும், வண்டியைக் கராஜில் விடுவதற்கு முதல்நாள் மகளின் நகப்பூச்சை எடுத்து, எஞ்சினின் அடியில் எவரும் காணாத இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். பதினைந்து நாட்களின் பின் வண்டியை எடுக்கப் போனபோது முதலில் தரையில் படுத்து அந்தப் புள்ளியைத் தேடினார். புள்ளி இருந்தது. அவருடைய முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை. எஞ்சினை மாற்றவில்லையென்றால் வேறு எதையோ மாற்றியிருக்க வேண்டும் என்றுதான் அவர் எண்ணினார்.

கராஜின் சீமெந்துத் தரையில் வண்டி ஒழுங்காக ஓடியது. ஊருக்குக் கொண்டுவந்து பள்ளிவாசல் வீதியில் தாமே ஏறி ஓட்டியபோதுதான் கோளாறு வெளிப்பட்டது. இருபது முழம் போவதற்குள் வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், வீதியோர வடிகாலான கானுக்குள் இறங்கியது. திருப்பிக்கொண்டுவந்து மீண்டும் ஓட்டினார். மீண்டும் இடப்பக்கம். நான்காம் முறை ஒரு வேலி சரிந்தது.

அபுல் ஹஸனை அழைத்தார்கள். அவர் முன்சக்கரத்திலிருந்து பின்னச்சு வரை நூல் பிடித்துக் காட்டினார்.

“பாருங்க காக்கா, மயிரளவு கோணல் இரிக்கா?”

“அது உன்ட நூல்” என்றார் முகைதீன்பாவா. வீட்டுக்குள் போய் மனைவி ஜெமீலாவின் தறியிலிருந்து நூல் எடுத்து வந்து தாமே பிடித்தார். அதுவும் நேராகவே நின்றது. “நூலுக்கு நேர்தான். ஓடக்குள்ள கோணுது. உள்ளுக்க என்னமோ செஞ்சிரிக்காய்.”

“நான் உள்ளுக்க என்னத்தக் காக்கா செய்யுற? உள்ளுக்க உங்கட எஞ்சின்தானே இரிக்கி!”

“அதத்தான் நானும் கேக்குறன்.”

முறைப்பாடு பள்ளிவாசலுக்குப் போயிற்று. எங்கள் ஊர்களில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்து இத்தகைய பிணக்குகளை விசாரித்துத் தீர்ப்பது வழக்கம். திங்கட்கிழமை அஸர் தொழுகையின் பின் மசூர் மரைக்கார் விசாரணைக்கு அமர்ந்தார். அவர் நெடுங்காலம் மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போய்வருபவர். வாதங்களைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட ஓட்டிப் பார்ப்பதே சரி என்று எழுந்து, வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். வண்டி இடப்பக்கம் போயிற்று. மரைக்கார் முழங்கால் வரை கானில் நின்றார். அடுத்துப் பள்ளிவாசல் பொருளாளர் ஏறினார். அவரும் கானுக்கே போனார். மூன்றாவதாக ஏறிய பாயிஸ், கானுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக்கைப் பிடித்ததால் தப்பினார்.

“மூணு பேர், மூணு தரம், ஒரே பக்கம்” என்றார் மரைக்கார், காலைக் கழுவிக்கொண்டு. “இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், அபுல் ஹஸன்?”

அபுல் ஹஸன் தலைகுனிந்தார். பின்னர் மெதுவாகச் சொன்னார்: “மரைக்கார், என்ட கராஜில நேராத்தான் ஓடின. அவர் சத்தியம் பண்ணட்டும், வண்டி கோணலெண்டு. பண்ணினா நான் கராஜப் பூட்டுறன். வேற கதை இல்ல.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் பின் பள்ளிவாசலில் சத்தியம் செய்வதென்று முடிவாயிற்று.

சத்தியம் என்ற சொல் முகைதீன்பாவாவை அசைத்தது. அவர் எல்லோரையும் சந்தேகித்தவர். ஆனால் வாழ்நாளில் ஒரு தடவையேனும் சத்தியம் செய்ததில்லை. விற்கும் மீன் அன்று பிடித்ததென்று கூடச் சத்தியம் செய்யமாட்டார். தோணிக்காரர் சொன்னதைத்தானே நான் சொல்கிறேன் என்பார். இப்போது அல்லாஹ்வின் வீட்டில் நின்று ஒரு மனிதரின் தொழிலை மூடவேண்டும். சொன்னது பிழையென்றால் அந்தப் பாவம் எவருடைய தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும். மூன்று பேர் கான் பக்கம் போனது போதாது. கோணல் எங்கே என்று தம் கண்ணால் காணவேண்டும்.

வெள்ளிக்கிழமை அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பாயிஸை அழைத்தார்.

“மச்சான், எஞ்சினப் போடாம நீ பின்னால தள்ளு. நான் பின்னால நடந்து சக்கரத்தப் பாக்குறன். எந்தச் சக்கரம் கோணுதெண்டு இண்டைக்குத் தெரிஞ்சிரும்.”

“ஆரு ஏறுற? ஆள் இல்லாட்டி ஹேண்டில் தன்ட பாட்டுக்குத் திரும்புமே.”

முகைதீன்பாவா சுற்றும் பார்த்தார். வாசலில் ஜெமீலா கோழிகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்.

“இஞ்ச வா புள்ள. இதுல ஏறி இரி.”

“எனக்கென்ன பைத்தியமா? மரைக்காரே கானுக்க போன வண்டி!”

“நீ ஒண்டும் ஓட்டத் தேவல்ல. பாரத்துக்குத்தான். ஹேண்டில நேராப் பிடிச்சிக்கொண்டு சும்மா இரி.”

“பாரத்துக்கு அரிசி மூட்டை வைக்கலாமே.”

“அரிசி மூட்டைக்குக் கை இரிக்கா?”

ஜெமீலா முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஏறினார். பாயிஸ் தள்ளினார். முகைதீன்பாவா நொண்டியபடி பின்னால் நடந்து, கண்ணைச் சக்கரங்களிலேயே வைத்திருந்தார். இருபது முழம் போயிற்று. கானுக்குள் இறங்கவில்லை. சரிந்த வேலியைத் தாண்டியது. பள்ளிவாசல் மதிலைத் தாண்டியது. வீதியின் முடிவு வரை வண்டி ஒரே கோட்டில் போய், பாயிஸுக்கு மூச்சு வாங்கிய பின்னரே நின்றது.

“நீ வலப்பக்கம் வெட்டிக்கொண்டு போனாய்” என்றார் முகைதீன்பாவா, மனைவியிடம்.

“நான் என்னத்த வெட்டின? பிடிக்கச் சொன்னீங்க, பிடிச்சன். அது போச்சு.”

“வண்டி இடப்பக்கம் சரிஞ்சி வரல்லையா?”

“சரிஞ்சிதான் இரிக்கி. ரோட்டே கான் பக்கம் சரிவுதானே! சரிஞ்சா என்ன, விழவா போகுது? மூணு கால் இரிக்கே.”

முகைதீன்பாவா வீதியின் சரிவைக் குனிந்து பார்த்தார். வண்டியைப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவரச் சொல்லி, இம்முறை தாமே ஏறினார். பாயிஸ் தள்ளினார், ஜெமீலா பக்கத்தில் நடந்தார். பத்து முழத்தில் வண்டி கானை நோக்கித் திரும்பியது.

“நிப்பாட்டு, நிப்பாட்டு!” என்று கத்தினார் ஜெமீலா. “இஞ்ச பாருங்க, உங்கட வலக்கை முன்னால போகுது. நீங்கதான் திருப்புறீங்க.”

“நான் திருப்பல்ல!”

“நான் கண்ணால கண்டன். தறியில சீலை கோணினா நாங்க முதல்ல தறியையா பாக்குற? இருந்த ஆளத்தான் பாக்குற.”

மீண்டும் தள்ளினார்கள். இம்முறை முகைதீன்பாவா வீதியைப் பார்க்கவில்லை. ஒரு கள்ளனைக் காவல் காப்பவர்போலத் தம் கைகளையே பார்த்திருந்தார். சரிவு வந்ததும் இருக்கையின் கீழ் வண்டி இடப்பக்கம் விழுவதுபோல் இருந்தது. அந்தக் கணத்தில் அவரைக் கேளாமலே வலக்கை முன்னே நகர்ந்து ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பியது. இரண்டு சக்கர வண்டி ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கமே திருப்பித்தான் அதை நிமிர்த்த வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கை செய்துவந்த வேலை அது. மூன்று சக்கரத்தில் நிமிர்த்துவதற்கு ஒன்றுமில்லை. திருப்பினால் திருப்பிய பக்கம் போகும். அங்கே கான் இருந்தது. கராஜின் தரை சமமானது என்பதால் அங்கே கைக்கு வேலை வரவில்லை. மரைக்கார், பொருளாளர், பாயிஸ் ஆகிய மூவரும் நெடுங்காலம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். ஜெமீலாவின் கைக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஜும்ஆவுக்குப் போகும்வரை அவர் வண்டியை விட்டு இறங்காமல், கையை அடக்கி ஓட்டப் பழகினார்.

தொழுகையின் பின் எல்லோரும் வெளிமண்டபத்தில் கூடினார்கள். அபுல் ஹஸன் கராஜைப் பூட்டும் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரமாக நின்றார்.

“நான் சத்தியம் பண்ணல்ல” என்றார் முகைதீன்பாவா. “வண்டியில பிழை இல்ல. என்ட கையிலதான் பிழை.”

மசூர் மரைக்காரின் முகம் இறுகியது. “அப்ப நான் ஏன் கானுக்க விழுந்த?”

“உங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியும், மரைக்கார். அதால விழுந்தீங்க.”

“ஓடத் தெரிஞ்ச ஆள் விழுவானா? அபுல் ஹஸன் வீட்டுக்கு வந்து போனாரா? உள்ளதச் சொல்லு.”

இவ்வளவு காலமும் பிறரைப் பார்த்த பார்வையால் இப்போது தாமே பார்க்கப்படுவதை முகைதீன்பாவா உணர்ந்தார். பொருளாளரும் மரைக்காரின் பக்கமே நின்றார். ஊரில் எவரும் தம் கை பிழைத்ததென்று ஒப்புக்கொள்ள ஆயத்தமாக இல்லை.

“அப்ப இப்பிடிச் செய்வம்” என்றார் மரைக்கார். “வண்டி நேரெண்டு சத்தியம் பண்ணு. விட்டுர்றன்.”

முகைதீன்பாவா வெளியே நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார். “அதையும் இப்ப பண்ண ஏலாது. காலையில இந்த வீதியில மட்டும்தான் ஓடின. நற்பிட்டிமுனை போய்வந்துட்டுச் சொல்றன்.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. மரைக்கார் சிரிக்கவில்லை, ஆனால் காத்திருக்கச் சம்மதித்தார்.

முகைதீன்பாவா போன முக்கால் மணி நேரமும் அபுல் ஹஸன் உட்காரவில்லை. வீதி வளைவில் எஞ்சின் சத்தம் கேட்டபோது எல்லோரும் எழுந்து வந்தார்கள். முகைதீன்பாவா கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, சரிவான ஓரத்திலேயே மெதுவாக ஓட்டி வந்து, கானிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பள்ளிவாசல் வாசலில் நிறுத்தினார். காலை ஊன்றவில்லை. சேர்ட் முழுவதும் வியர்வை.

“போகக்குள்ள ரெண்டு தரம் இடப்பக்கம் போச்சு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “ரெண்டு தரமும் என்ட கைதான். வரக்குள்ள போகல்ல. இப்ப சத்தியம் பண்றன், மரைக்கார்.”

அபுல் ஹஸன் முன்னே வந்தார். “வேணாம் காக்கா. நீங்க சொன்னதே போதும்.”

முகைதீன்பாவா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் வேணாமெங்குறாய்?” என்றார். பின்னர் பள்ளிவாசலுக்குள் போய், எல்லோர் முன்னிலையிலும், அந்த வண்டி நேரானது என்று தம் வாழ்நாளின் முதலாவது சத்தியத்தைச் செய்தார்.