பூசை முடிந்தும் எழாத சர்வர்

ஜான்சி கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறிச் சிதம்பரம் போவாள். அங்கே ஒரு தனியார் கல்லூரியின் கணினி ஆய்வகம் அவள் பொறுப்பில் இருந்தது. தற்காலிக வேலை. ஆண்டுக்கொரு முறை நீட்டிப்பு ஆணை வரும். 2008இல் அது அக்டோபர் கடைசியில் வரவேண்டியிருந்தது.

கல்லூரியின் இணையதளம் ஆய்வகத்து மூலையிலிருந்த ஒரே சர்வரில் ஓடியது. ஆயுத பூசைக்கு மட்டுமே அதை நிறுத்துவார்கள். அன்று எல்லா இயந்திரங்களும் அணைந்து, துடைக்கப்பட்டு, பொட்டு வைத்துக்கொள்ளும். விஜயதசமி முடிந்த பிறகுதான் திரும்ப ஓடும். பொட்டு வைப்பவர் அலுவலக உதவியாளர் கொளஞ்சி. கீரப்பாளையத்துக்காரர், சந்தனத்தில் தாராளக் கை.

"போதும்ணே, மெழுகாதீங்க" என்றாள் ஜான்சி.

"ஜாஸ்தி வச்சாதாம்மா ஜாஸ்தி வேலை செய்யும். ஒங்க பங்குக்கு ஒரு சிலுவையும் போட்டுடட்டா?"

விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை காலை, சர்வரில் விளக்கு எரிந்தது. இணையதளம் வரவில்லை. தேர்வு விண்ணப்பத்துக்கு அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. பத்து மணிக்கே மாணவர்கள் ஆய்வக வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அலுவலகக் கண்காணிப்பாளர் சுப்பராயலு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். காற்றுத் துளைகளில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது.

"உள்ள எறங்கிடுச்சு. மெஷினுக்கு நலங்கா வச்ச, கொளஞ்சி? இன்னிக்கே மெமோ தர்றேன். வாங்கிக்கினு போ."

"பதினாறு வருஷமா வச்சிக்கினு வர்றேன் சார்" என்றார் கொளஞ்சி. துணியை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தார்.

அவர்கள் இருவரும் போனபின் ஜான்சி சர்வரின் பிழைப் பதிவைத் திறந்தாள். சந்தனத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அமைப்புக் கோப்பின் ஒரு வரியைக் காட்டி, அங்கே சொல்லியிருக்கும் மாட்யூல், அதாவது துணை நிரல், இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றது. அந்த வரியை எழுதியவள் அவள்தான்.

ஆகஸ்டில் ஒரு மாலை, ஹால் டிக்கெட்டில் மாணவர் படம் வருவதற்காக ஒரு கூடுதல் மாட்யூலைச் சேர்க்கப் போனாள். வரியை முதலில் எழுதிவிட்டாள். மாட்யூலின் ஃபைலைக் காப்பி செய்வதற்குள் ஐந்தேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் செய்முறைத் தேர்வு, பிறகு மறந்தே போனாள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அந்தக் கோப்பைத் திரும்பப் படிப்பதில்லை. நின்று எழும்போது மட்டுமே படிக்கும். பூசைக்கு நிறுத்தும் வரை பிழை சும்மா இருந்திருக்கிறது.

வரியின் தலையில் ஒரு குறி போட்டு அதைச் செல்லாததாக்கினாள். சர்வர் எழுந்தது. வாசலில் யாரோ விசில் அடித்தார்கள்.

இனி யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. சந்தனத்தைத் துடைத்ததும் சரியாகிவிட்டது என்று கொளஞ்சியே சொல்வார். நீட்டிப்பு ஆணைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவள் பிழைப் பதிவை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள். மெமோ டைப்பாகி, சுப்பராயலுவின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"சார், அது சந்தனத்தால இல்ல. ஆகஸ்டுல நான் வேலைய அரைகொறையா விட்டுட்டேன்."

"மெஷின் ஓடுது இல்ல? அப்பறம் என்னாம்மா?"

"மெமோ அண்ணன் பேர்ல இருக்கு சார்."

அவள் நீட்டிய தாளைச் சுப்பராயலு படிக்கவில்லை. மெமோவில் கொளஞ்சியின் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். மாத இறுதியில் வந்த ஆணை ஓராண்டுக்கு இல்லை, ஆறு மாதத்துக்கு. அதற்கடுத்ததும் ஆறு மாதத்துக்கே வந்தது.

மறு ஆண்டு பூசையன்று, பொட்டு வைக்குமுன் அவள் சர்வரை மூன்று முறை நிறுத்தி மூன்று முறை எழுப்பினாள். கிண்ணத்தோடு நின்ற கொளஞ்சியின் விரலில் சந்தனம் காய்ந்தது.

"நல்ல நேரம் போவுதும்மா."

"இப்ப வைங்கண்ணே" என்றாள். அவர் ஒரே ஒரு பொட்டு, சின்னதாக வைத்தார்.